பிதிரார்ஜிதம்: ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றி

என் தகப்பனார் காலமான மறு வருஷம், தாத்தா பெயரிலேயே கிடந்த வீட்டையும் கொஞ்சம் நஞ்சையையும் பாகம் பிரிப்பதற்காகப் பத்திர எழுத்தரிடம் போனோம். அவர் எங்களை ஒன்றும் கேட்காமலே முதல் பக்கத்தில் 'பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' என்று எழுதிக்கொண்டு போனார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்துவது 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதில் பிதிரார்ஜிதம், சுயார்ஜிதம் என்ற பாகுபாட்டுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. "இருக்கட்டும் சார். எழுதினா ஒரு பலம்" என்றார்.

சட்டத்துக்குத் தேவைப்படாத ஒரு சொல், எழுதிவிட்டால் பலம் தருகிறது. இது என்ன பலம் என்ற கேள்விதான் என்னை வேறொரு சொல்லிடம் கொண்டுபோய் விட்டது. அது புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் நிருபம், முதல் அதிகாரம், பதினெட்டாம் வசனம். சொல்: பத்ரோபராதொதொஸ். எனக்குக் கிரேக்கம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். நான் இறையியல் படித்தவனும் அல்ல. ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு நான் அந்நியனல்ல. கல்லூரி நாட்களில் கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தியபோது என் தகப்பனார் சொன்ன ஒரே வாதம் இதுதான்: முன்னோர் காத்து வைத்ததைத் தூக்கி எறியாதே. கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பற்றி அவர் என்னோடு ஒருநாளும் வாதிட்டதில்லை.

சொல்லைப் பிரித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கின்றன. பதேர், தகப்பன். பரா, ஒருவரிடமிருந்து இன்னொருவர் பக்கமாக. தொதொஸ், கொடுக்கப்பட்டது. முதல் துண்டு நம் பிதாவுக்கும் கடைசித் துண்டு நம் தத்தத்துக்கும் ஒரே வேர்க் குடும்பம். தகப்பன்மார் கையளித்தது என்பது நேர்ப்பொருள். பத்திர எழுத்தரின் பிதிரார்ஜிதத்துக்கு இதைவிட நெருக்கமான கிரேக்கச் சொல்லைக் காட்ட முடியாது. ஒரு வித்தியாசம் உண்டு. பிதிரார்ஜிதம் தகப்பன் சம்பாதித்ததைச் சொல்கிறது. கிரேக்கச் சொல் சம்பாத்தியத்தைப் பேசவில்லை, கை மாறியதை மட்டும் பேசுகிறது. 1871இல் பவர் திருத்தி வெளிவந்த தமிழ் வேதாகமம் இந்த ஒற்றைச் சொல்லை முன்னோர், பாரம்பரியம் என்று இரண்டாக விரித்துத் தருகிறது. தமிழில் படிக்கிறவனுக்கு வசனம் தடையில்லாமல் ஓடுகிறது. அந்த நிருபத்தை முதலில் கேட்டவர்களுக்கு அது அப்படி ஓடியிருக்காது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் அது மரியாதையான சொல். கி.மு. முதல் நூற்றாண்டில் சரித்திரம் எழுதிய சிசிலிக்காரர் தியோதோரஸ் அதைக் கையாளுகிற இடங்களைப் பார்க்கலாம். தகப்பன் பிலிப்பிடமிருந்து அலெக்சாந்தருக்கு வந்த கிரேக்கத் தலைமையைச் சொல்ல அவருக்கு இந்தச் சொல் வேண்டியிருக்கிறது. ஹெராக்ளீஸ் மேல் முன்னோர் வைத்த பக்தியைப் பின்வந்தவர்கள் கைவிடக்கூடாது என்று சொல்லும்போதும் இதே சொல். அதிகாரம், பக்தி, சொத்து. இவற்றின் முன்னால் இந்தச் சொல்லை வைத்துவிட்டால் அதற்குமேல் கேள்வி இல்லை. டச்சு அறிஞர் வான் உன்னிக் 1969இல் இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். கிரேக்க ரோம உலகத்தில் அது புகழ்ச்சியாகவே வழங்கியது, அதை நிந்தனையாகத் திருப்பியது இந்த நிருபம்தான் என்பது அவர் காட்டியது. நிருபக்காரர் அந்தச் சொல்லின் பக்கத்தில் மதாயோஸ் என்ற அடைமொழியை வைக்கிறார். வீண், வெறுமை என்று பொருள். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் விக்கிரகங்களைச் சொல்லப் பயன்படுத்திய சொல் அது. முன்னோர் தந்த வெறுமை! ஒரு ரோம மாகாணத்துக் குடிமகன் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? நம் ஊரில் ஒருவன் எழுந்து குலதெய்வத்தைக் குப்பை என்று சொன்னால் விழுகிற மாதிரி விழுந்திருக்கும்.

இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. எரேமியா தீர்க்கதரிசி, தங்கள் பிதாக்கள் பொய்யைத்தான் விட்டுப்போனார்கள் என்று பிற ஜாதியார் வந்து ஒப்புக்கொள்ளும் நாள் ஒன்றைப் பேசியிருக்கிறார். ஆனால் எரேமியாவுக்குத் தனக்குள் ஒரு பழைய உடன்படிக்கை இருந்தது. ஒரு பாரம்பரியத்தில் நின்றுகொண்டு இன்னொன்றைத் தள்ளினார். நிருபத்தின் வாசகர்களுக்கு நிற்க அப்படி ஓர் இடம் கிடையாது. அவர்கள் பெரும்பாலும் யூதரல்லாதவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு கட்டுவதற்கு முக்கியச் சான்றே இந்தச் சொற்றொடர்தான். யூதர்களைப் பார்த்து உங்கள் பிதாக்கள் தந்தது வெறுமை என்று அந்தத் தலைமுறைக் கிறிஸ்தவன் எழுதியிருப்பது கடினம். பவுல்கூடத் தன் பிதாக்களின் பாரம்பரியத்தின் மேல் தனக்கிருந்த வெறியைக் கலாத்தியருக்குச் சொல்லும்போது அந்தப் பாரம்பரியத்தை வெறுமை என்று சொல்லவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற பவுலோ பிதாக்களின் தேவன், பிதாக்களின் பிரமாணம் என்று கௌரவமாகவே பேசுகிறார்.

இந்த மரியாதைச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டியது ஒரு கல்வெட்டு.

பெர்கமு நகரம், இன்றைய துருக்கியின் மேற்கில். கி.மு. 135இல் மூன்றாம் அத்தாலஸ் ராஜா நகரசபைக்கும் ஜனங்களுக்கும் ஒரு கடிதம் எழுதுகிறான். அது கல்லில் வெட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது. ஹெலெனிய அரசர்களின் கடிதங்களைத் தொகுத்து வெல்ஸ் 1934இல் வெளியிட்ட நூலிலும் இருக்கிறது. சபாஸியோஸ் என்ற தெய்வத்துக்கு நகரத்தின் பெருந்தெய்வமான அதேனாவோடு இடம் தரவேண்டும், அதன் பூசாரிப் பட்டம் தன் உறவினன் ஒருவனுக்குப் போகவேண்டும், இந்த ஆணைகள் நகரத்துப் புனித சட்டங்களோடு சேர்த்து எழுதப்படவேண்டும். இதற்கெல்லாம் ராஜா சொல்லும் காரணத்தில் நம் சொல் வருகிறது. சபாஸியோஸ் பத்ரோபராதொதொஸ், தகப்பன்வழி வந்த தெய்வம். எப்படி வந்தது? தன் தாய் ஸ்திரத்தோனிகே நம் தேசத்துக்குக் கொண்டுவந்தாள் என்று ராஜா அதே வாக்கியத்தில் எழுதுகிறான்.

ஸ்திரத்தோனிகே பெர்கமுக்காரியல்ல. கப்பத்தோக்கியா ராஜாவின் மகள். வாழ்க்கைப்பட்டு வந்தவள். தான் பிறந்த வீட்டுச் சாமியைப் புகுந்த வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறாள். ஆதென்ஸில் அந்தச் சாமி அந்நியச் சாமி. அரிஸ்தோபனிஸ் தன் நாடகங்களில் அதைக் கேலி பண்ணியிருக்கிறார். பெர்கமுவிலோ ஒரு மருமகளின் ஆயுட்காலத்துக்குள் அது தகப்பன்வழித் தெய்வமாகிவிடுகிறது. எந்தத் தகப்பன்? அவளுடைய தகப்பன் என்றால் சாமி கப்பத்தோக்கியாவுடையது. அத்தாலஸின் தகப்பன் என்றால் அது உண்மையல்ல. சொல் இந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை. கொண்டுவந்தவள் பெயர் கல்லில் இருக்கிறது. ஆனால் கொண்டுவந்ததற்குப் பெயர் தகப்பன்வழி.

இதைப் படித்த பிறகு இன்னோர் இடம் எனக்கு நினைவு வந்தது. மக்கபேயர் இரண்டாம் புத்தகம், ஏழாம் அதிகாரம். யூதர்களின் வழிபாட்டை அந்தியோகஸ் தடைசெய்த காலம், கி.மு. 167ஐ ஒட்டியது. ஒரு தாயின் கண்ணெதிரே அவளுடைய ஏழு பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். அவள் ராஜாவுக்குப் புரியாத தன் சொந்த மொழியில் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்கிறாள். அந்த மொழியைக் கிரேக்க ஆசிரியர் பிதாக்களின் குரல் என்று எழுதுகிறார். தமிழன் தாய்மொழி என்றுதான் எழுதியிருப்பான். தாய் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கும் அந்த உலகத்தில் உடைமைக்காரன் தகப்பன்.

மூன்றாம் அத்தாலஸின் கதை அந்தக் கடிதத்தோடு முடியவில்லை. இரண்டே வருஷத்தில், கி.மு. 133இல், வாரிசில்லாமல் செத்துப்போனான். தன் ராஜ்யத்தை ரோமுக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு சாமியைத் தகப்பன்வழி என்று கல்லில் வெட்டுவதற்கு அத்தனை அக்கறை எடுத்துக்கொண்டவன், தகப்பன்வழி வந்த தேசத்தை உயிலில் அந்நியனுக்குக் கொடுத்தான். நானும் அந்த வம்சந்தான் என்று சொல்லிக்கொண்டு அரிஸ்தோனிகஸ் என்பவன் ஏழைகளையும் அடிமைகளையும் திரட்டிக் கலகம் செய்தான். கி.மு. 129க்குள் ரோமர்கள் அதை அடக்கிவிட்டார்கள். பெர்கமு ராஜ்யம் ஆசியா என்ற ரோம மாகாணமாயிற்று. பேதுருவின் நிருபம் முதல் வசனத்திலேயே தன் வாசகர்களின் ஊர்களை வரிசைப்படுத்துகிறது: பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. சாமி புறப்பட்ட தேசம், அது வந்து சேர்ந்த தேசம் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்தக் கல்லை நிருபக்காரர் பார்த்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பிரதேசத்தில் அந்தச் சொல்லுக்கு இப்படியொரு வாழ்க்கை இருந்தது என்பதே எனக்குப் போதும்.

அந்த வாசகர்களில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு நிருபமே சாட்சி. இரண்டாம் அதிகாரம் வீட்டு அடிமைகளைக் கூப்பிட்டுப் பேசுகிறது. மூன்றாம் அதிகாரம் விசுவாசத்துக்கு வராத புருஷர்களோடு வாழும் மனைவிகளிடம் பேசுகிறது. ரோமச் சட்டத்தில் அடிமைக்குத் தகப்பன் என்று சட்டபூர்வமாக ஒருவன் கிடையாது, வாரிசுரிமையும் கிடையாது. மனைவி புருஷனின் தெய்வங்களைக் கும்பிடுவதுதான் ஒழுங்கு என்பது அக்காலத்துப் பெரியோர் வாக்கு. ஆக, தகப்பன்வழி வந்தது என்ற சொல் இவர்களுக்குச் சொத்தாக வந்ததில்லை, கட்டளையாகத்தான் வந்தது. நிருபக்காரர் இங்கே பயன்படுத்துகிற வினைச்சொல் மீட்பது, பணம் கட்டி விடுவிப்பது. வெள்ளியும் பொன்னும் அந்த வசனத்தில் வருவது அதனால்தான். அடிமையை மீட்கிற விலை அது. பாரம்பரியத்தை எஜமானனாகவும் அதன் வாரிசை அடிமையாகவும் ஒரே வசனத்தில் நிறுத்திவிடுகிறார். முன்னோர் சொத்தைக் கையில் வைத்திருக்கிறவன் எழுதக்கூடிய வாக்கியம் அல்ல இது.

இதற்குக் கொடுத்த விலையும் பதிவாகியிருக்கிறது. சுமார் கி.பி. 112இல் பொந்து-பித்தினியா மாகாணத்தின் அதிகாரி பிளினி, டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தில் கோயில்கள் ஆளில்லாமல் கிடந்ததையும் பலி இறைச்சிக்கு வாங்குவோர் அருகிப்போனதையும் சொல்கிறார். விசாரணைக்காக அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. பிடிவாதமாய் நின்றவர்களைக் கொல்ல அனுப்பியதையும் மறைக்கவில்லை. அதே தலைமுறையில் எழுதிய தாசிதஸ் யூதர்களை வெறுத்தவர். அவர்கள் சடங்குகளுக்கு அவர் தேடித் தந்த ஒரே நியாயம் அவற்றின் பழமை. பழமை இருந்தால் வெறுப்புக்குரியவனுக்கும் ஓர் இடம் உண்டு. பழமையைத் தானாகத் துறந்தவனுக்கு எந்த இடமும் இல்லை. நிருபம் தன் வாசகர்களைப் பரோய்கோஸ் என்று அழைப்பதை இங்கே வைத்துப் படிக்கவேண்டும். ஊரில் குடியிருந்தும் ஊர்க்காரன் ஆகாதவன் என்று அர்த்தம்.

இனி சொல்லின் நடுத்துண்டு. பரா என்பதைக் கொடுத்தல் வினையோடு சேர்த்தால் கையளித்தல் என்று ஆகிறது. அதன் பெயர்ச்சொல் பராதோஸிஸ், பாரம்பரியம். ஆனால் யூதாஸ் தன் குருவைச் சத்துருக்களிடம் ஒப்படைத்ததற்கும் சுவிசேஷங்கள் இதே வினையைத்தான் வைத்திருக்கின்றன. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பவுல் இராப்போஜனத்தைப் பற்றிப் பேசும்போது ஒரே வாக்கியத்துக்குள் இந்த வினை இரண்டு தடவை வருகிறது. தான் பெற்றதைச் சபைக்குக் கையளித்தது ஒன்று. இயேசு கையளிக்கப்பட்ட அந்த இரவு இன்னொன்று. தமிழ் வேதாகமம் முன்னதை ஒப்புவித்தல் என்றும் பின்னதைக் காட்டிக்கொடுத்தல் என்றும் பிரித்துவிட்டது. பிரித்தும் கொடு என்ற வேர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. லத்தீனிலும் இதே சங்கதி. கி.பி. 303இல் தொடங்கிய கலாபனையில் வேதச் சுருள்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துத் தப்பிய குருமார்களை வட ஆப்பிரிக்கச் சபையார் கையளித்தவர்கள் என்று அழைத்தார்கள். பாரம்பரியத்துக்கு லத்தீனில் உள்ள பெயரும் அந்தச் சொல்லும் ஒரே வினையில் பிறந்தவை. துரோகி என்பதன் அர்த்தம் அங்கே கையளித்தவன்.

இந்த விஷயத்தைச் சொல் விளையாட்டாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கொடுப்பவன் கையிலிருந்து பொருள் விலகும் அந்தக் கணத்தில் அது எதுவாகவும் ஆகலாம். யாரிடம் போகிறது, அங்கே என்ன ஆகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் அதற்குப் பாரம்பரியம் என்றோ துரோகம் என்றோ பெயர் வைக்க முடியும். அத்தாலஸின் உயிலை ரோமர்கள் முன்னதாகவும் அரிஸ்தோனிகஸ் பின்னதாகவும் படித்தார்கள்.

நிருபக்காரர் பாரம்பரியமே வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். பதினெட்டாம் வசனத்துக்குப் பதினான்கு வசனம் முன்னால், அழியாத, மாசுபடாத, வாடாத ஒரு க்ளேரோனோமியாவைத் தன் வாசகர்களுக்கு வாக்களித்துவிட்டுத்தான் அங்கே வருகிறார். க்ளேரோஸ் என்பது சீட்டு. சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொண்ட நிலம், அதிலிருந்து வாரிசுரிமை. பழைய ஏற்பாட்டில் நாபோத் தன் திராட்சத் தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கு விற்க மறுத்தபோது சொன்ன சொல்லுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பு இதுதான்: பிதாக்களின் க்ளேரோனோமியா. அவனைக் கல்லெறிந்து கொன்று தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆக, முன்னோர் தந்தது என்ற சொல்லை எளியவன் ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லும் நேரமும் உண்டு. ராஜா அதைக் கல்லில் வெட்டி ஊருக்கு ஆணையிடும் நேரமும் உண்டு. பாரம்பரியத்தை ஒட்டுமொத்தமாகத் தூற்றுகிறவர்கள் நாபோத்தையும், ஒட்டுமொத்தமாகப் போற்றுகிறவர்கள் பிளினி சித்திரவதை செய்த அந்த இரண்டு பெண்களையும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த க்ளேரோனோமியாவைத் தமிழ் வேதாகமம் எப்படிப் பெயர்த்திருக்கிறது என்று நான் பார்த்தபோதுதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சுதந்தரம். சிறுவயதிலிருந்து வாசித்துக் கேட்டு, அர்த்தம் பற்றி யோசிக்காமல் கடந்துபோன சொல். நாபோத்தின் தோட்டமும் சுதந்தரம், பேதுரு வாக்களிப்பதும் சுதந்தரம். வாரிசுக்குப் பெயர் சுதந்தரவாளி. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பிழை செய்யவில்லை. பழைய மிராசுக் கணக்குகளில் கிராமத்து நெல்லில் வழிவழியாக வருகிற உரிமைப் பங்குக்குச் சுதந்தரம் என்றுதான் பெயர். நாம் இன்று சுதந்திரம் என்று சொல்லும் விடுதலைக்கு அந்த வேதாகமம் சுயாதீனம் என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டது. பிற்பாடு மேடைகளும் பத்திரிகைகளும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பழைய அர்த்தத்தைக் கைவிட்டன. கிரேக்கத்தில் எதிரெதிராக நின்று மோதும் இரண்டு எண்ணங்கள், முன்னோரிடமிருந்து பெறுதலும் முன்னோரிடமிருந்து விடுபடுதலும், தமிழில் ஒரே சொல்லில் குடியிருந்திருக்கின்றன. உரிமை என்று ஒன்று கையில் இருந்தவனுக்குத்தான் யாரையும் அண்டாமல் வாழ முடிந்தது என்பது அந்தக் கிராமத்து நெற்கணக்கின் தர்க்கம். பங்கு இல்லாதவனுக்கு அந்தச் சொல்லே இல்லை.

நிருபத்துக்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களைத் தாக்கி எழுதினார். ஒவ்வொரு ஜனமும் தன் மூதாதையர் வழக்கத்தில் நிற்பதே சரி, இவர்கள் எந்த ஜனம், எந்த மூதாதையர் என்பது அவர் கேள்வி. ஓரிஜென் சுமார் கி.பி. 248இல் பதில் எழுதினார். தகப்பனைக் கொல்வது மூதாதையர் வழக்கமாக இருக்கிற ஜனத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் இன்னும் குறும்பாகக் கேட்டிருந்தார்: பழக்கத்தை விடக்கூடாதென்றால் முதலில் பழகிய பாலையே ஏன் இன்னும் குடித்துக்கொண்டிருக்கவில்லை? இவையெல்லாம் மூதாதையர் இல்லாதவர்களின் வாதங்கள். அதனாலேயே அவற்றில் ஒரு சுறுசுறுப்பு இருக்கிறது.

நாலாம் நூற்றாண்டில் அரசு இவர்கள் பக்கம் வந்துவிடுகிறது. கி.பி. 380களின் தொடக்கத்தில் யூனோமியஸ் என்ற எதிராளிக்குப் பதில் எழுதுகிற நிஸ்ஸாவின் கிரகோரி, நம் போதனைக்கு வேறு நிரூபணம் வேண்டாம், அது பிதாக்களிடமிருந்து, அப்போஸ்தலர் தொடங்கிப் பரிசுத்தவான்கள் வழியாக, ஒரு சுதந்தரம் போல நம்மிடம் வந்திருக்கிறது, அதுவே போதும் என்ற பொருளில் எழுதுகிறார். கி.பி. 431இல் எபேசுவில் கூடிய சங்கம், நிசேயாவில் கூடிய பிதாக்கள் வகுத்ததைத் தவிர வேறொரு விசுவாசப் பிரமாணத்தை யாரும் எழுதக்கூடாதென்று தடை போட்டது. செல்சஸின் வாதம் அப்படியே வீடு மாறி வந்துவிட்டது. நிஸ்ஸா கப்பத்தோக்கியாவில் இருக்கிறது. ஸ்திரத்தோனிகே சாமியோடு புறப்பட்ட தேசம். முன்னோர் தந்தது வெறுமை என்று நிருபம் எழுதப்பட்ட தேசங்களில் ஒன்று. முந்நூறு வருஷத்தில் அந்தத் தேசத்துக் கிறிஸ்தவன் பிதாக்கள் தந்தது போதும் என்கிறான்.

இதில் கிரகோரியைக் கேலி பண்ண எனக்கு யோக்கியதை கிடையாது. இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல. 1959இல் 'எழுத்து' வந்த காலத்தில் மரபு என்ற சொல்லைப் புதுக்கவிதையின் தலையில் அடிப்பதற்கென்றே பலர் வைத்திருந்தார்கள். நம்மவர்கள் ஒருபக்கம் அதை மறுத்தார்கள். மறுபக்கம் சங்கக் கவிதையில் தங்களுக்கு ஒரு பாட்டனைத் தேடினார்கள். மூதாதையர் இல்லாதவர்களின் சுறுசுறுப்பு அந்த வருஷங்களின் கட்டுரைகளில் இருக்கிறது. பிறகு புதுக்கவிதை பாடப்புத்தகத்துக்குப் போயிற்று. அதற்கும் ஒரு பிதாக்கள் வரிசை தயாரானது. எலியட் 1919இல் மரபு என்பது தானாய் வாரிசாக வந்து சேருவதல்ல, உழைத்துப் பெறவேண்டியது என்று எழுதியதை நாம் எத்தனையோ தடவை எடுத்தாண்டுவிட்டோம். அவர் பெறுகிறவனின் உழைப்பைத்தான் பேசினார். சுமந்து வருகிறவளின் உழைப்பை அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. எந்த வரிசையைக் காட்டினாலும், இதை இங்கே யார் கொண்டுவந்தது, எங்கிருந்து, அவர் பெயர் வரிசையில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையாவது கேட்கவேண்டும் என்பதுதான் பெர்கமுக் கல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அந்தக் கேள்விகளை நான் என் வீட்டிலிருந்து தொடங்கினேன். என் தகப்பனார் முன்னோர் விசுவாசம் என்று சொல்லும்போதெல்லாம் விரல்விட்டு எண்ணுவார்: அவர், தாத்தா, கொள்ளுத்தாத்தா. மூன்று விரலோடு கணக்கு முடிந்துவிடும். அதற்கு முந்தியவர்கள் வேறு சாமியைக் கும்பிட்டவர்கள். அந்த விரல்களை அவர் மடக்கியே வைத்திருந்தார். கொள்ளுத்தாத்தா அந்த முன்னோரின் கைப்பொருளை உதறிவிட்டு ஞானஸ்நானம் பெற்றவர் என்பதையும், நான் செய்தது அதைவிடச் சின்னக் காரியம் என்பதையும் அவர் உயிரோடிருந்தபோது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை. பாகம் பிரிக்கிற சமயத்தில் ஊருக்கு வந்திருந்த அத்தையிடம், வீட்டு அலமாரியில் கிடக்கும் அட்டை போன பழைய வேதப்புத்தகம் யாருடையது, கொள்ளுத்தாத்தாவுடையதா என்று கேட்டேன்.

"அவருக்கு எழுத்து ஏது? எங்க ஆச்சி கொண்டாந்ததுல்லா அது" என்றாள் அத்தை. "மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவ. கல்யாணம் முடிஞ்சு வரும்போது பொட்டிக்குள்ள சேலைக்கு அடியில வச்சுக் கொண்டாந்தாளாம். தாத்தா ஞானஸ்நானம் எடுத்ததெல்லாம் பெறவுதான்."

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. அத்தையிடம் யாரும் கேட்டதில்லை.

அத்தைக்கும் சொத்தில் சட்டப்படி பங்கு உண்டு. அவள் கையெழுத்து இல்லாமல் எங்கள் பாகப் பத்திரம் நிற்காது. அவள் தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாள். வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்களும் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டோம். அந்த ஆவணத்துக்கு நம் பதிவு அலுவலகங்களில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். பத்திர எழுத்தர் அதிலும் முதல் பக்கத்தில் பிதிரார்ஜிதம் என்று எழுதியிருந்தார். நான் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நிதானமாகத் தன் பெயரை முழுதாக எழுதினாள்.